கறிவேப்பிலைக்கு லைற் பார்த்த கதை

கடைக்குப் போவது பொருள் வாங்குவதற்கு என்று நினைக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போவார்கள், வாங்குவார்கள், வருவார்கள், சாப்பிட்டுப் படுப்பார்கள். இது மற்ற இனத்தின் கதை. விசாரிப்பவர் இனம். இவரும் கடைக்குப் போவார். பெட்டியைத் தூக்குவார், திருப்புவார், அடியில் இருக்கிற பொடி எழுத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பார், பிறகு தூங்கிய குழந்தையைக் கிடத்துவது போல அதை எடுத்த இடத்திலேயே வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒருக்கா விசாரிச்சுப் போட்டு எடுப்பம்" என்பார். உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லை என்றால் இன்னொரு தரம் எண்ணிப் பாருங்கள்.

மெல்பேர்ணில் இந்த இனத்துக்குத் தலைவர் என்று யாரையாவது சொல்வதென்றால் மல்கிரேவ் பகுதியில் இருக்கிற கேதீஸ்வரனைத்தான் சொல்ல வேண்டும். மகள் சயந்தினி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அவர் ஒரு தொட்டில் விசாரிக்கத் தொடங்கினார். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஜேர்மன் தொட்டில்தான் திறம் என்று தீர்ப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அதையும் விசாரிப்பார்.

அவருடைய மனைவி இராஜேஸ்வரி. பொறுமைசாலி. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், அவரைக் கேட்காமல்.

இராஜேஸ்வரியிடம் சாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருந்தது. அது சாதாரணக் கன்று அல்ல, குணவதியிடமிருந்து வந்த கன்று. குணவதி யார் என்றால், கேதீஸ்வரனுக்கு நேர் மூத்த அக்கா. அவருக்கு வந்த முதல் சம்பந்தத்தைத் தகப்பனார் விசாரிக்கத் தொடங்கி, மாப்பிள்ளையின் தாய்வழி, தகப்பன்வழி, தாயின் தங்கை கட்டின இடம், அந்த இடத்தில் ஒருவர் ஏன் திடீரென்று கொழும்புக்குப் போனார் என்பது வரை போய்ச் சேர்ந்த நேரம், அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. பிறகு வந்த சம்பந்தத்தை விசாரிக்காமல் முடித்தார்கள். அது நன்றாகத்தான் அமைந்தது; அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. அந்தக் குணவதி இப்போது மெல்பேர்ணின் மறுபக்கத்தில், பொயிண்ட் குக்கில் இருக்கிறார். அவர் வீட்டுக் கறிவேப்பிலை மரம் பேர்போனது. கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லி வளர்ந்த மரம். அதன் பக்கத்தில் முளைத்த ஒரு கன்றைத்தான், அங்கே வந்திருந்த அத்தனை அன்ரிமாரும் பார்த்துக்கொண்டிருக்க, இராஜேஸ்வரியின் கையில் கொடுத்தார்.

"கொண்டு போ ராசு. உன்ர கையில எவ்வளவு காலத்துக்கு நிக்குமெண்டு பாப்பம்."

கொடுத்தது கன்றா, சவாலா என்று இராஜேஸ்வரிக்கு விளங்காமல் இல்லை. ஒவ்வொரு வருசமும் ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடிக்கக் குணவதி மல்கிரேவுக்கு வருவார். இந்த முறை கூழுக்காக மட்டும் வர மாட்டார், கன்றையும் பார்க்க வருவார்.

நம் ஆட்களின் ஆடி மாதம் மெல்பேர்ணின் நடுக் குளிரில் வந்து விழுகிறது. வெயிலுக்குப் பிறந்த செடிக்கு அது தெரியுமா? குளிர் தொடங்கியதும் கன்றின் அடி இலைகள் மஞ்சளாகின. வெளியே இருந்ததை இராஜேஸ்வரி உள்ளே தூக்கி வந்து, மகள் முன்பு படுத்த சின்ன அறையில் வைத்தார். அந்த அறையில் வெளிச்சம் பேருக்குத்தான் வரும்.

"இஞ்சருங்கோ, செடிக்குப் போடுற லைற் எண்டு ஒண்டு இருக்காம். ஒண்டு வாங்கிக் கொண்டு வாங்கோ."

கேதீஸ்வரனின் முகம் மலர்ந்ததைப் பார்த்த அந்த நிமிடமே, தான் செய்த பிழை இராஜேஸ்வரிக்கு விளங்கிவிட்டது.

விசாரணை வீட்டுக்குள்ளேயே தொடங்கியது. இராஜேஸ்வரியின் அக்கா விஜயாவின் இரண்டாவது மகன் அருந்தவன் எலக்ட்ரீசியன். அவனைக் கேட்டதற்கு, "எனி எல்.ஈ.டி இஸ் ஃபைன், சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். இவ்வளவு கெதியாகச் சொல்லப்பட்ட பதிலை விசாரிப்பவர் நம்புவாரா? யோசிக்காமல் சொல்லுறான் என்று அருந்தவனைத் தள்ளி வைத்தார். வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். ஒருவர் வெள்ளை என்றார், ஒருவர் ஊதா என்றார், ஒருவர் காலை வணக்கம் என்றார். மண்ணே வேண்டாம், தண்ணீரிலேயே வேரை விட்டு வளர்க்கலாம் என்று யாரோ ஒரு வீடியோவை அனுப்பிவிட, லைற்றோடு தண்ணீரும் பம்பும் உரமும் விசாரணைக்கு வந்து சேர்ந்தன. அறை சின்னது, செடி ஒன்று, அதுவும் முழங்கால் உயரம். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் பெரிய தோட்டம் ஒன்று திறக்கப் போகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

லைற்றுகளை அவர் எப்படிப் பார்த்தார் தெரியுமா? மாப்பிள்ளை பார்க்கிற மாதிரித்தான். மஞ்சள் சோடியம் லைற் பழைய குடும்பம், பேர் இருக்கிறது, ஆனால் சூட்டுக் குணம், கரண்டையும் தின்னும். ஊதா லைற் கெட்டிக்காரன், படித்தவன், ஆனால் யன்னலால் ஊதாவாகத் தெரியும், அயல் என்ன நினைக்கும்? வெள்ளை எல்.ஈ.டி அமைதி, குடும்பத்துக்கு ஏற்றது, ஆனால் எங்கே பிறந்தது என்று பெட்டியில் தெளிவாக இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் இராஜேஸ்வரி அந்த அறையைக் கூட்டினார். மஞ்சள் இலைகள் தும்புத்தடியோடு வந்தன. அவர் அவற்றைக் குப்பையில் போடவில்லை. ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

கடைசியில் டண்டினோங் பக்கம் இருக்கிற ஒரு கடைக்குப் போவது என்று முடிவாயிற்று. மண்ணில்லாமல் செடி வளர்க்கிற சாமான்கள் விற்கிற கடை. இப்படிப்பட்ட கடைகளைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். அங்கே தக்காளிக்கு வாங்குகிறவர்களும் வருவார்கள்; சட்டம் விடாத கஞ்சாவுக்கு வாங்குகிறவர்களும் வருவார்கள். அதனால் அங்கே ஒரு மரியாதை உண்டு. யாரும் யாரையும் என்ன வளர்க்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். தலையைக் குனிந்து வருவார்கள், வாங்குவார்கள், தலையைக் குனிந்து போவார்கள்.

அந்தக் கடைக்குக் கேதீஸ்வரன் போனார்.

விசாரிக்கப் போகும்போது ஒழுங்காகப் போக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தேய்த்த காற்சட்டை, கருநீலக் கோட்டு, பளபளத்த கறுப்புச் சப்பாத்து. சட்டைப் பையில், காட்டிக் கேட்பதற்காக, இராஜேஸ்வரியின் கிண்ணத்திலிருந்து எடுத்த ஒரு காய்ந்த இலை. அது கசங்கக் கூடாது என்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடியிருந்தார். இராஜேஸ்வரி கூடப் போனார், இன்றைக்காவது வாங்குவார் என்ற நப்பாசையில்.

உள்ளே இருந்த பையன் செடியின் பெயரைக் கேட்கவில்லை. கேதீஸ்வரன் தானாகச் சொல்லத் தொடங்கினார். பையன் கையை உயர்த்தி, தனக்குத் தெரிய வேண்டாம் என்று மறித்தான். விபரம் கேட்காத கடைக்காரனிடம் எப்படி வாங்குவது? பாவித்தவர்களைக் கேட்பதுதான் முறை என்று வெளியே வந்து, கார் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டார். சிவப்புத் தாடியும் கழுத்தில் பச்சை குத்திய பாம்புமாக ஒருவன் ஒரு பெரிய லைற் பெட்டியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தான். கேதீஸ்வரன் நேரே அவனிடம் போனார். இராஜேஸ்வரி காருக்குள் இருந்தபடியே கண்களை மூடிக்கொண்டார்.

அவனிடம் அவர் கேட்டதெல்லாம் இவைதான். உன்னிடம் எத்தனை செடி? எந்த அறையில்? மணம் வெளியே வருமா? அயலவருக்குத் தெரியுமா? கரண்ட் பில் கூடினால் கொம்பனி ஏதாவது கேட்குமா? பிறகு பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்து, இலையை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, உன்னுடையதும் இப்படித்தான் இருக்குமா என்றார். தாடிக்காரன் இலையையும் கருநீலக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பெண் பார்க்கப் போகும்போது கேட்கிற மாதிரியே, மிகவும் பணிவாக, கடைசிக் கேள்வியையும் கேட்டார்: சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா, என்னோடு இன்னும் மூன்று பேர்தான் வருவார்கள்.

தாடிக்காரன் ஏற்றிய பெட்டியை இறக்கினான். கேதீஸ்வரனின் கைகளில் வைத்தான். "யூ நெவர் ஸோ மீ, ஒஃபிசர்" என்று, தன்னைக் கண்டதாகவே காட்டிக்கொள்ள வேண்டாம் என்கிற மாதிரி மெல்லச் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போனதைப் பார்த்து இன்னும் இரண்டு கார்கள் போயின.

"நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்றபடி கேதீஸ்வரன் வந்து காருக்குள் ஏறினார்.

"உங்களைப் பொலிசெண்டு நினைச்சிட்டான் அப்பா" என்றார் இராஜேஸ்வரி.

"பொலிஸ் இவ்வளவு விசாரியாது."

அதுவும் சரிதான்.

லைற் வீட்டுக்கு வந்துவிட்டது என்று இராஜேஸ்வரி பெருமூச்சு விட்டார். ஆனால் வழியிலேயே கேதீஸ்வரனின் முகம் மாறியிருந்தது. சீதனம் வேண்டாம் என்று சொல்கிற மாப்பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றும்? அதேதான் அவருக்கும் தோன்றியது. சும்மா தருகிறான் என்றால் உள்ளே ஏதோ குறை இருக்க வேண்டும். ரிசீற் இல்லை, வாரண்டி இல்லை, வீடு பற்றினால் இன்சூரன்ஸ்காரனுக்கு என்ன சொல்வது? பெட்டியைத் திறக்காமல், செடிக்குப் பக்கத்திலேயே, சுவரோடு சாத்தி வைத்தார். செடியும் லைற்றும் ஒரே அறையில், பேசாமல், நிச்சயம் பண்ணின இரண்டு பேர் மாதிரி இருந்தன.

"கரண்டில கொழுவித்தான் பாருங்கோவன்."

"நீர் பேசாமல் இரும். ஒருக்காக் கொழுவினால் பிறகு அது எங்கட தலையில."

அவர் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனார், தாடிக்காரனின் ஊர்பேர் விசாரிக்க. அவருடைய வெள்ளைக் கொரோலா சந்தியில் திரும்பியதும் கடைக் கதவில் தொங்கிய பலகை 'மூடப்பட்டுள்ளது' என்ற பக்கத்துக்குத் திரும்பியது. பின் ஒழுங்கையால் கார்கள் போகிற சத்தம் கேட்டது. இந்த நாட்டில் வியாபாரத்தில் ஒருவருக்கும் அக்கறையில்லை என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

ஆடிப்பிறப்பு வந்தது. செடியில் இலையே இல்லை. சாடியில் ஒரு குச்சி நின்றது.

இராஜேஸ்வரி கூழைக் காய்ச்சினார், கொழுக்கட்டையை அவித்தார், எல்லாம் கை செய்தது. மனம் முழுக்க அந்த அறையிலேயே இருந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் திறப்புத் தொலைந்தது என்று சொல்லலாமா? இலை தின்கிற பூச்சி என்று சொல்லலாமா? சொன்னால் மச்சாள் குணவதி நம்ப மாட்டார். நம்பாதது மட்டுமல்ல, பொயிண்ட் குக் முழுக்கச் சொல்லுவார். அந்த அன்ரிமாரை இனிக் கோயிலில் எந்த முகத்தோடு பார்ப்பது?

குணவதி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். ஒரு கோப்பை கூழ் குடித்தார். பனங்கட்டி கொஞ்சம் காணாது என்றார். எழும்பினார்.

"எங்கை ராசு என்ர பிள்ளை?"

மூன்று பேரும் அறைக்குள் போனார்கள். குணவதி குச்சியைப் பார்த்தார். நன்றாகக் குனிந்து பார்த்தார். குணவதி நிமிர்ந்தபோது அவருடைய கண் சுவரோடு சாத்தியிருந்த பெட்டியில் விழுந்தது.

"தம்பி, உது என்ன லைற்?"

"அது இன்னும் விசாரிச்சு முடியேல்லை, அக்கா."

"வெள்ளையோ, ஊதாவோ?"

"வெள்ளை."

"வெள்ளைக்குச் சூடு குறைவெண்டு சொல்லீனம். ஆனால் எங்கை செய்தது எண்டு பாக்கோணும்."

கேதீஸ்வரன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். குணவதி இருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் அடியைப் படித்தார். தம்பியும் மற்றப் பக்கத்தைப் படித்தார். சோடியம் பற்றி வந்தது, செடிக்கு மேலே எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்று வந்தது, அருந்தவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். குச்சியை இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

"அவசரப்பட்டுக் கொழுவிப் போடாதை தம்பி" என்றார் குணவதி. "நானும் போன விண்டரில இருந்து விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். இன்னும் ஒண்டும் மனசுக்குப் பிடிக்கேல்லை."

இராஜேஸ்வரி நிமிர்ந்தார்.

"அப்ப மச்சாள், உங்கட மரம்?"

குணவதி சால்வையைச் சரிசெய்தார். பெட்டியை மறுபடியும் திருப்பினார்.

"கூழ் இன்னும் இருக்கோ ராசு?"

இராஜேஸ்வரி கூழ் எடுக்கப் போகவில்லை. பெட்டியை இரண்டு பேரின் கைகளிலிருந்தும் வாங்கி, ஒட்டியிருந்ததைக் கிழித்து, லைற்றை வெளியே எடுத்து, திரைச்சீலைக் கம்பியில் மாட்டி, வயரைக் கொழுவி, சுவிற்சைப் போட்டார். அறை பட்டப் பகலாயிற்று. அக்காவும் தம்பியும் ஒரே மாதிரிக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒரே குரலில், விசாரிச்சு முடியேல்லை, அணை, அணை என்றார்கள். அவர் அணைக்கவில்லை. சாடியைத் தள்ளி லைற்றின் கீழே வைத்துவிட்டு, குசினிக்குப் போய், நிறைந்த கோப்பையோடு திரும்பி வந்தார்.

"இந்தாங்கோ மச்சாள், குடியுங்கோ. பனங்கட்டி போட்டிருக்கு."

சரி, கதை முடிந்தது. நீங்கள் எழும்பலாம். ஆனால் இன்னும் இருக்கிறீர்கள். ஏதோ கேட்க வாயெடுக்கிறீர்கள். எனக்குத் தெரியும். அந்த லைற் என்ன மேக், எத்தனை வோட்ஸ், டண்டினோங்கில் எந்த ஒழுங்கை, ஞாயிற்றுக்கிழமையில் கடை திறக்குமா, இதுதானே? இதைக் கேட்ட எல்லோரும் கேட்டது அதைத்தான். அந்தக் குச்சி தளிர்த்ததா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தளிர்த்தது. நீங்கள் விசாரித்து முடித்துவிட்டு அவசரமில்லாமல் ஆறுதலாக வாருங்கள்.