இளஞ்சிவப்பு கேட்டவர்களுக்குக் கிளிப்பச்சை

கம்ப்யூட்டரே தெரியாதவனால் ஒரு சாயப்பட்டறைக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. அதற்குக் கொஞ்சம் தெரிந்தவன் வேண்டும். அந்தக் கொஞ்சம் தெரிந்தவன் நான்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, காலேஜ் வரைக்கும் போன முதல் ஆள் நான். வேலம்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை கிடைத்ததும், பனியன் கம்பெனியில் அயர்னிங் பார்க்கும் அப்பா எல்லோரிடமும், "பையன் ஏசி ரூம்ல இருக்கறானுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். (ஏசி கம்ப்யூட்டருக்கு. எனக்கு அதன் மிச்சக் காற்று.) மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இது நடந்தது அந்த மூன்றாவது மாதத்தின் கடைசி வாரத்தில்.

பட்டறையின் மொத்த மூளையும் என்னைவிட வயதில் மூத்த ஒரு டாஸ் புரோகிராமில் இருந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர். நம்பரை அடித்தால் எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று ஸ்லிப் வரும். அன்று காலை சாய மாஸ்டர் சண்முகண்ணன், "தம்பி, பச்சை வகை மட்டும் ஒரு லிஸ்ட் எடு" என்றார். பில்டர் போட்டேன். பில்டர் போட்டால் மற்ற நிறங்கள் எங்கேயும் போய்விடாது, கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். லிஸ்டை வாங்கிக்கொண்டு அவர் பெருமாநல்லூருக்குத் துணி பார்க்கப் போய்விட்டார்.

திரையை நகர்த்தினால், நடுவில் நாலைந்து வரிகளில் சாயத்தின் பெயருக்குப் பதிலாகச் சிரிக்கும் முகங்களும் ஹார்ட்டின்களும். முந்தின நாள் கரண்ட் போனதில் ஃபைல் கெட்டிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. (கவலையில் அல்ல, சந்தோஷத்தில்.) இதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். நல்ல வரிகளை ஒரு புது ஃபைலுக்குக் காப்பி செய்து, பழையதைத் தூக்கிப் போட்டு, அதன் பெயரைப் புதியதற்கு வைக்க வேண்டும். கால் மணி நேரமாவது ஆகும் என்று நினைத்த காப்பி, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. என் கைராசி என்று நினைத்தேன். பழைய ஃபைலைச் சுத்தமாக அழித்தேன். இரண்டும் கிடந்தால் பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம் இல்லையா?

முதலாளிக்குப் போன் போட்டேன். "அண்ணா, ஃபைல் கெட்டுப் போயிருந்துச்சுங்க. நானே சரி பண்ணிட்டேனுங்க."

"சாப்ட்வேர்காரனே அதத் தொட மாட்டேன்னு போனானே கண்ணு."

"நான் தொட்டுட்டேனுங்க."

"பரவால்லையே" என்றார். உடனே அப்பாவுக்குப் போன். "அப்பா, நிரந்தரம் ஆன மாதிரிதான்."

அடுத்து, குழந்தைகள் கவுனுக்கு இளஞ்சிவப்பு கேட்டார்கள். நம்பர் 412. அடித்தேன், ஸ்லிப் வந்தது. அந்தப் புரோகிராமுக்கு ஒரு பழைய காலத்துப் பணிவு உண்டு. கேட்ட நம்பர் இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லாது, அதற்கு அடுத்து இருப்பதைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். சாயம் நிறுத்துப் போடும் சரோஜாக்கா ஸ்லிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கண்ணு, மஞ்சளும் நீலமுமா வருது?"

"ஸ்லிப்புல இருக்கறதப் போடுங்கக்கா. சிஸ்டம் இப்பத்தான் புதுசு மாதிரி ஆயிருக்கு" என்றேன். (இதைச் சொன்ன வாயை இன்றும் என்னிடமே வைத்திருக்கிறேன்.)

மத்தியானம் மாஸ்டர் திரும்பி வந்து, மெஷினில் இருந்து ஒரு துண்டு வெட்டிப் பார்த்தார். "தம்பி, இது குழந்தைக்குப் போடற துணி. கிளிக்கு இல்ல."

முதலாளி வந்தார். கலர் தப்பிய துணியைக் கருப்பில் போட்டுக் காப்பாற்றுவது எங்கள் தொழிலின் கடைசி வழி. பச்சைமேல் கருப்பு ஏற்ற ஒரு தனி நம்பர் உண்டு. அடித்தேன். மாஸ்டர் ஸ்லிப்பைப் படித்தார். "இதுவும் பச்சை." வேறு நம்பர் அடித்தேன். "இது ஆலிவ் பச்சை." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பில்டரை எடுக்காமலே காப்பி செய்திருக்கிறேன். கண்ணில் பட்டவை மட்டும் புது ஃபைலுக்கு வந்திருக்கின்றன. பச்சையைத் தவிர உலகத்தின் எல்லா நிறங்களையும் நான் அழித்திருந்தேன்.

"பேக்கப் எங்கீப்பா?" என்றார் முதலாளி.

"எடுக்கோணும்னுதாங்க இருந்தேன்."

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

ஏசி அறையில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அதற்குள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ என்பதுதான் மனசில் ஓடியது. அப்போது சரோஜாக்கா உள்ளே வந்தார். இரண்டு கையிலும் கம்பிகள். சாயம் நிறுத்து முடித்த ஸ்லிப்பை எல்லாம் கம்பியில் குத்தி மாட்டி வைப்பது அவர் வழக்கம். பல வருஷத்து ஸ்லிப்புகள். "போன வாரம் போட்ட பிங்க்கு இதா, மேலயே இருக்குதுங்க. மத்ததும் இதுலதான் கெடக்கும்" என்றவர், முதலாளியைப் பார்த்து, "பையனத் தொரத்திப்போட்டா இதையெல்லாம் யாருங்க ஒக்காந்து அடிக்கறது? நீங்களா?" என்றார்.

முதலாளி கம்பிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நிரந்தரம் ஆனது அப்படித்தான்.

இருபத்திரண்டு நாள் அடித்தேன். பச்சைமேல் கருப்பு ஏற்றும் ஸ்லிப் பதினேழாம் நாள்தான் கிடைத்தது. அதற்குள் அந்தப் பச்சைத் துணியைப் பனியனாகத் தைத்தே முடித்திருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்கூட்டுல எத்தன பேரு?" என்று கேட்டு, ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றி அனுப்பினார். அப்பா, அம்மா, தம்பி, சித்தப்பா குடும்பம் என்று எல்லோரும் இரண்டு வருஷம் அதைத்தான் போட்டோம். துணி கிழியவே இல்லை, சாயமும் போகவில்லை. (412-க்குப் பதிலாக வந்த அந்த 415 உண்மையிலேயே நல்ல ரெசிபி.)

அந்த இரண்டு வருஷத்துக்குள்தான் எனக்குக் கல்யாணம் பேசி முடிப்பதற்காகப் பொங்கலூரில் இருந்து பெண் வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். வாசலில் அப்பா, குழாயடியில் தம்பி, வண்டி துடைத்துக்கொண்டு சித்தப்பா. மூன்று பேரும் கிளிப்பச்சை. பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஏனுங்க, எல்லாரும் ஒரே கட்சிங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் அப்பா. "பையன் ஒரு நாள் கம்ப்யூட்டரச் சரி பண்ணுனானுங்க."

எப்படியோ பெண் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் மாமியார் வீட்டில் மிக்சி ஓடவில்லை என்று நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், அடுப்படியில் இருந்து குரல் வரும்: "இந்த வாட்டி என்ன கலருங்க மாப்ள?"