தொட்டி நிறைய மூளை

"இது நாய் கடிச்சது" என்றார் புகார் மேசைக்காரர், சோபாவின் கைப்பிடியைத் தடவிப் பார்த்து.

"எங்க வீட்டுல நாயே கிடையாது" என்றார் அதைத் திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கையாளர்.

"அப்ப நீங்கதான் கடிச்சிருக்கணும்."

ஃபர்னிச்சர் கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. விற்பனைக்கு இருந்த சுவர்க்கடிகாரங்கள்கூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் ஓடின.

கடையில் புகார் மேசைக்காரருக்கு 'மெத்தை' என்று பெயர். யார் எப்படி விழுந்தாலும் சத்தம் வராது. ஆடுகிற நாற்காலி, மூடாத அலமாரி, இழுத்தால் கையோடு வருகிற இழுப்பறை என்று எல்லாவற்றுக்கும் திட்டு வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், பாத்துத் தரோம்" என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். அப்படிப்பட்ட மெத்தையில் இன்று ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டது.

மேலாளர் ஓடி வந்து, வாடிக்கையாளருக்குப் புது சோபாவும் கொசுறாக இரண்டு தலையணையும் கொடுத்து அனுப்பினார்.

"என்னய்யா ஆச்சு உனக்கு? வெள்ளிக்கிழமை புதுக் கிளை மேனேஜருக்குப் பரீட்சை. இந்த நேரத்துல இப்படியா?"

"தெரியல சார். வாய் தானா திறந்துக்கிச்சு."

புதுக் கிளை மேலாளர் பதவி மெத்தையின் நெடுநாள் கனவு. தனி அறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு வெளியே புகார் மேசை, அந்த மேசையில் வேறு எவனோ ஒருவன். கனவுக்குக் குறுக்கே எழுத்துப் பரீட்சை ஒன்று நின்றது. கணக்கும் யுக்தியும் கலந்தது. கடை மூடிய பிறகு எழுத வேண்டியது. பொழுது சாய்ந்தால் மெத்தையின் மூளையும் சாய்ந்துவிடும். அதற்குச் சாட்சி வீட்டிலேயே இருந்தது.

சாட்சி, மாமியார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மாப்பிள்ளையோடு செஸ் ஆடுவார். மாப்பிள்ளை தோற்பார். "இந்தக் குதிரையை எதுக்கு மாப்பிள்ளை வெளியில விட்டீங்க, காத்து வாங்கவா?" என்று மாமியார் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை.

அன்று மாறியது. காபி ஆறிவிட்டது, செருப்பு இடம் மாறிவிட்டது, உலகமே கோணலாக இருக்கிறது என்று மனைவிமேல் எரிந்து விழுந்துவிட்டுப் பலகைமுன் உட்கார்ந்த மெத்தை, ஜெயித்துவிட்டார். மாமியார் காய்களைப் பெட்டியில் அடுக்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போனார்.

காரணம் புரியாமல் வார இதழைப் புரட்டியபோது காரணம் அச்சிலேயே கிடைத்தது. மன அடக்கம் மாடித் தொட்டித் தண்ணீர் போன்றதாம். காலையிலேயே திறந்துவிட்டால் மாலையில் மூளைக்குச் சொட்டுகூட மிஞ்சாதாம். அப்படியெல்லாம் இல்லை என்று மறுக்கும் அறிஞர்களும் உண்டு என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

"பாத்தியா! இத்தனை நாளா நான் முட்டாளா இருந்தது என் தப்பில்ல" என்று மனைவியிடம் கூவினார். "அடக்கி அடக்கியே தொட்டி காலியாயிருக்கு!"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அடக்கமாட்டீங்களா?" என்று மனைவி கவலையோடு கேட்டாள்.

"சொட்டுகூட."

மறுநாள், சோபாக்காரரை போனில் அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார் மேலாளர். மெத்தையும் அழைத்தார்.

"சார், மன்னிப்பு கேட்டா என் தொட்டி காலியாயிடும். அதனால நலம் மட்டும் விசாரிச்சுக்கறேன். பல்லு இப்ப பரவால்லையா?"

சோபாக்காரர் இந்த முறை மச்சானையும் வக்கீலையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஒரு கட்டில் போயிற்று. மெத்தை இரவில் மறுபடி ஜெயித்தார்.

வாடிக்கையாளர் கண்ணிலேயே படக் கூடாது என்று அவரைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "நிதானமா இடிங்க, சுவர் எங்கயும் ஓடிப் போகாது" என்றார். ஏற்றிய சாப்பாட்டு மேசைகளோடு ரோஷத்துடன் கிளம்பிப் போன டிரைவர், மேலாளர் நேரில் போய்க் கெஞ்சிய பிறகே இறக்கினார். அன்று இரவு மாமியார் தன் ராணியைக் கொண்டுபோய் மெத்தையின் சிப்பாய் வாயிலேயே வைத்தார்.

"அத்தே, ராணி!"

"வயசாகுதுல்ல மாப்பிள்ளை" என்று மாமியார் விட்டத்தைப் பார்த்தார். சமையலறையிலிருந்து மனைவி இருமினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட வேண்டும் என்று மெத்தை கடைசிக் குழாயையும் மூடினார். காலைக் கூட்டத்தில் மேலாளர் வழக்கமான நகைச்சுவையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், மெத்தையைத் தவிர.

"என்னய்யா, புரியலையா?"

"போன வருஷமே புரிஞ்சுது சார். அப்ப சிரிச்சது சம்பளத்துக்கு."

அன்று மாலை பரீட்சை நடந்தது. முதல் கேள்வியைப் படித்தார். தொட்டி நிறைய இருந்தது. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இரண்டாவது கேள்விக்கு அந்தக் காற்றும் நின்றது. விடைத்தாளில் தன் பெயரை மட்டும் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

அப்போதே திருத்தி அறிவித்தார்கள். முதலில் வந்தது விளக்குப் பிரிவுப் பெண். ஒரு குடும்பத்துக்குக் கடையில் இருந்த விளக்கையெல்லாம் போட்டுக் காட்டி, "வீட்ல கலந்துக்கிட்டு வரோம்" என்று அவர்கள் கிளம்பியதற்கும் சிரித்த முகமாய்க் கும்பிட்டுவிட்டு நேரே பரீட்சைக்கு வந்தவள் அவள். கடைசியில் வந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

மேலாளர் மெத்தையின் தோளில் கை வைத்தார். "திங்கக்கிழமை பழைய மேசைக்கே வந்துடு. உன்னைப் பத்தின புகாரே நிறைய இருக்கு. நீயே வாங்கிக்கோ, நீயே மன்னிப்பும் கேட்டுக்கோ."

வீட்டுக்கு வந்தபோது செஸ் பலகை தயாராக இருந்தது. மெத்தை உட்காரவில்லை.

"அத்தே, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. தினமும் உங்களையே ஜெயிச்சேன். அந்த மூளை இன்னிக்கு எங்க போச்சு?"

மாமியார் மகளைப் பார்த்தார். மகள் காபியை அவசரமாக ஆற்றினாள்.

"சொல்லிடும்மா" என்றாள். "பாவம்."

"இவதான் கெஞ்சினா மாப்பிள்ளை. அவர் கடையில அடிபட்டு வந்திருக்கார், வீட்லயாவது ஜெயிக்கட்டும்மான்னு" என்றார் மாமியார்.

"அப்ப வேணும்னே தோத்தீங்களா?"

மாமியார் நாள் கணக்கில் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

"தோக்கறது லேசுன்னு நினைச்சீங்களா? வாயை அடக்கி, கையை அடக்கி, நீங்க வைக்கிற தப்பை விடப் பெரிய தப்பா தேடித் தேடி வைக்கணும். அப்பப்பா, முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்ததுல கூட என் மூளை இவ்வளவு வேலை செஞ்சதில்ல!"