காக்காவுக்கும் கத்துகிற பூட்டு

கரையான்சாவடி,
1994 ஆவணி.

மரியாதைக்குரிய வேம்புலி அண்ணிக்கு, உங்கள் தம்பி பெண்சாதி தாட்சாயிணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் வண்டியும் சுகம். அங்கே நீங்களும், அண்ணனும், உங்கள் மகளும், முக்கியமாக மாப்பிள்ளை மணவாளனின் கழுத்தும் சுகமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. "என் மருமகன் என்ன திருடனா?" என்று பெரிய எழுத்தில் கேட்டிருந்தீர்கள். தபால்காரர் அதை வாசலிலேயே படித்துவிட்டு, "யாரும்மா திருடன்? புட்ச்சிட்டாங்களா?" என்று என்னையே கேட்டார். இனிமேல் இந்த மாதிரி விஷயத்தைக் கவரில் போட்டு எழுதுங்கள் அண்ணி. நேரில் வந்து பேசலாம் என்றுதான் பார்த்தேன். வந்தால் என் முகத்தைப் பார்த்ததும் நீங்கள் அழுவீர்கள், உங்களைப் பார்த்து நான் அழுவேன், வண்டி விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்த மாதிரியே சொல்கிறேன், படித்துவிட்டு யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தம்பியின் கருமாதி அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒத்தப் பொம்பள கீற ஊட்ல மோட்டார் சைக்கிள வச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற? எவனாவது தள்ளிக்கினு பூடுவான். மாப்பிள்ளைக்குக் குடுத்துடு. அவரு திருமழிசை கம்பெனிக்கு டெய்லி பஸ்ல தொங்கிக்கினு போறாரு" என்றீர்கள். திருடன் வருவான் என்றதை நான் ஒத்துக்கொண்டேன். அந்த வாரமே டிரங்க் ரோட்டில் மருந்துக் கடை வாசலில் நின்ற ஒரு வண்டியை எவனோ கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வண்டிக்காரர் மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போய் வேறு மாத்திரை வாங்கினாராம். ஆனால் திருடனுக்குப் பயந்து வண்டியை உங்களுக்குக் கொடுத்தால், என் வாசலில் அது இல்லாமல் போவது ஒன்றுதானே அண்ணி? கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்குக்குச் சொல்கிறேன். அந்த வண்டி தகர ஷீட்டுக்குக் கீழே நிற்கிற வரைக்கும், அவர் உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறார், வந்து சாப்பிட்டுவிட்டு பாடி கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போவார் என்று நினைத்துக்கொண்டே நான் சமையலை முடித்துவிடுவேன். வண்டி இல்லை என்றால் உலையே வைக்கமாட்டேன். அதனால்தான் சங்கிலி மாதிரி சுற்றிப் பூட்டுகிற, தொட்டால் கத்துகிற அலாரம் பூட்டு ஒன்று வாங்கலாம் என்று, பக்கத்து வீட்டு வடிவைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை அருள்தாஸ் நல்ல மாதிரி. ஒவ்வொரு பூட்டாக எடுத்து, வாசலில் நின்ற தன்னுடைய ஸ்கூட்டரில் மாட்டி, தட்டிக் காட்டினார். முதல் பூட்டு பச்சைக் குழந்தை மாதிரி வீறிட்டு அழுதது. வடிவு, "அக்கா, இது வாணாம். இது அழுதா நான் பால் பாட்டிலோட ஓடியாருவேன். திருடன் பாலையும் குட்ச்சிட்டு வண்டியையும் ஓட்டிக்கினு பூடுவான்" என்றாள். அடுத்த பூட்டுக்குள் ஒரு பொம்பளை உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் என்னமோ திட்டினாள். அருள்தாஸ், "பாரின் அயிட்டம்மா, திருடன் திருடன்னு சொல்லுது" என்றார். "நம்மூரு திருடனுக்கு இங்கிலீஷு எங்கய்யா தெரியும்? யாரோ டீச்சர் பேசறாங்கன்னு வேலைய முடிச்சிக்கினு போவான்" என்று வடிவு அதையும் தள்ளிவிட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அண்ணி, மறைப்பானேன். உங்கள் தம்பி போனதுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் அருள்தாஸ் மூன்றாவது பூட்டைத் தட்டினார். அது ஆம்புலன்ஸ் சத்தம். நான் கம்பெனிக்கு ஓடிப்போய், அங்கே இருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போன சத்தம். ஆயில் டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அருள்தாஸ் உடனே அதைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, எனக்கு ஒரு சோடா வாங்கிவரச் சொன்னார். அப்புறம் மேல் தட்டில் இருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்தார். "இது விக்கவே இல்லம்மா, சத்தம் நல்லா இல்லன்னு யாரும் வாங்கல" என்றார். தட்டினார். அண்ணி, கல்லில் அரிவாள்மணையைத் தேய்த்துக்கொண்டே ஒரு ஆடு கத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அது எனக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. யாருடைய சத்தமும் இல்லாத சத்தம். "இதையே குடுப்பா" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டின முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் துடைக்கிற மாதிரியே வண்டியைத் துடைக்கலாம் என்று பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு போய் டேங்கில் கை வைத்தேன். கத்தியது பாருங்கள்! வடிவு வீட்டுக்காரர் கன்னியப்பன் பாதி ஷேவிங்கில் சோப்பு முகத்தோடு உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எதிர்வீட்டில் இருந்து இரண்டு பேர், பின்தெருவில் இருந்து மூன்று பேர். "எங்கக்கா, எங்க அவன்?" என்றார் கன்னியப்பன். "நான்தாம்பா" என்றேன். அதில் இருந்து வண்டியைத் துடைப்பதே இல்லை, எட்ட நின்று வாயால் ஊதுகிறேன். பலமாக ஊதினால் அதற்கும் கத்துகிறது. ரோட்டில் லாரி போனால் கத்துகிறது, வடிவு வீட்டில் மாவு இடித்தால் கத்துகிறது. பூட்டுக்கு அடியில் பழைய புடவையை மடித்து வைத்த பிறகு கொஞ்சம் தூங்குகிறது.

இதெல்லாம் பரவாயில்லை. அமாவாசை அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். அவருக்குப் படையல் போட்டு, மதில் மேல் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டேன். காக்கா வந்தது. வந்த காக்கா சோற்றைப் பார்க்கவில்லை, நேராகப் போய் வண்டி ஹேண்டில்பாரில் உட்கார்ந்தது. அவர் கை வைக்கிற இடத்தில், வலது பக்கம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, "வந்துட்டியா" என்று கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினேன். பூட்டு கத்தியது. காக்கா பறந்த வேகத்தில் ஒரு இறகை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. வழக்கம்போல எல்லாரும் ஓடிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்தாங்க்கா. வண்டி நல்லாக் கீதான்னு தொட்டுப் பாக்க வந்துக்கீது" என்றாள். கன்னியப்பன் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா பூட்டுக்கா வாங்கிக்கினு வந்த? ஓனரே வந்து தொட்டாலும் கத்துது!" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன். ஆனால் பயந்துபோன காக்கா திரும்பி வரவில்லை. காக்கா சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? வடிவும் அவள் வீட்டுக்காரரும் எதிர்வீட்டார்களும் மொட்டை மாடியில் ஏறி நின்று "கா, கா" என்று கூப்பிட்டார்கள். சாயந்திரம்தான் ஒரு காக்கா வந்தது. அதுவும் தூரத்துக் காக்கா, இந்தப் பூட்டைப் பற்றி விஷயம் தெரியாதது. இனிமேல் அமாவாசைக்கு, காக்கா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பூட்டைக் கழற்றி வைத்துவிடுவது என்று முடிவு பண்ணியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்துத் திருடன் வந்தால், அவனுக்கும் ஒரு இலை போட்டு உட்காரவைத்துவிட வேண்டியதுதான்.

இப்போது மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வந்திருக்கிறார். வந்தவர் கேட்டில் நின்று குரல் கொடுத்திருக்கலாம், வடிவைக் கேட்டிருக்கலாம். வண்டியைச் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று உள்ளே வந்து, சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பித் தலை சீவியிருக்கிறார். பூட்டு சும்மா இருக்குமா? கன்னியப்பன் பாவம், ஓடிஓடி வந்து என்னையும் காக்காவையுமே பார்த்து வெறுத்துப்போயிருந்தவர். முதல் தடவையாக ஒரு ஆம்பளை ஆள் மாட்டியதும் சந்தோஷம் தாங்காமல் காலரைப் பிடித்துவிட்டார். "நான் வெள்ளவேட்டு மாப்பிள்ள!" என்று உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி இவர் கத்த, "எந்த ஊருக்கு மாப்பிள்ளையா இருந்தா இன்னாடா, வண்டியவுட்டு எறங்கு!" என்று அவர் கத்த, அந்தச் சத்தத்தில் பூட்டுச் சத்தமே கேட்கவில்லையாம். நான் அரிசிப் பையோடு வந்து பார்க்கும்போது மாப்பிள்ளையை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சுற்றிலும் தெருவே நின்றுகொண்டிருந்தது. சட்டையில் இரண்டு பொத்தான் போயிருந்தது உண்மை. அவற்றைத் தேடி எடுத்து நானே தைத்துக் கொடுத்தேன், அதை அவர் உங்களிடம் சொன்னாரா? கன்னியப்பன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். அதையாவது சொன்னாரா?

ஆகையால் அண்ணி, இதில் இருந்து உங்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். சொந்த மாப்பிள்ளையையே விடாத பூட்டு திருடனை விடுமா? வண்டி பத்திரமாக இருக்கிறது. அது உங்கள் தம்பி வண்டி. என் காலம் வரைக்கும் என் வாசலில்தான் நிற்கும். மாப்பிள்ளைக்கு பஸ் கஷ்டம் என்றால் சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், உடம்புக்கும் நல்லது. இது என் முடிவு. இதற்குமேல் வண்டியைப் பற்றிப் பேசவேண்டாம். மற்றபடி உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவருக்கு நடைபழக்கிய கை உங்கள் கை.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மகளுக்கு ஏழாம் மாசம் என்று மாப்பிள்ளை சொன்னார், கோபத்திலும் அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். அவள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேம்புலியம்மனுக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். கெட்டது நடந்த வீட்டுக்காரி, இப்போதைக்கு வளைகாப்புக்கு வரமாட்டேன். வராவிட்டாலும் மனசு அங்கேதான்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை என்றைக்கும் தட்டாத (இந்த ஒரு விஷயம் தவிர)
தாட்சாயிணி.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து எழுதுகிறேன். முந்தாநாளில் இருந்து இங்கே நல்ல மழை. லாரி இல்லை, காக்கா இல்லை, வடிவு வீட்டில் மாவும் இடிக்கவில்லை. பூட்டு வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, யாரிடம் திறப்பது? நேற்று சாயந்திரம் பொறுக்க முடியாமல் குடையோடு போய், வண்டி சீட்டில் கையை ஓங்கி ஒரு போடு போட்டேன். கன்னியப்பன் உலக்கையோடு வந்தார், வடிவு பாதி பின்னின தலையோடு வந்தாள், எதிர்வீட்டில் இருந்தும் வந்தார்கள். "இன்னாக்கா, காக்காவா?" என்று வடிவு கேட்டாள். "இல்லடி, நான்தான். உள்ள வாங்க, டீ போடறேன்" என்றேன். எல்லாரும் ஈரத்தோடு கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கிளம்பும்போது கன்னியப்பன் வாய் தவறி, "சரிக்கா, போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டார். வடிவு அவர் முதுகில் ஒன்று வைத்தாள். "சாவு வுயுந்த ஊட்ல அப்டி சொல்லலாமா? அறிவு கீதா உனுக்கு?"

உங்களுக்குத் தெரியும் அண்ணி, அவர் போனதில் இருந்து இந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தம் போடாமல் நழுவித்தான் போனார்கள். நம் வழக்கம் அதுதான், நானும் மற்ற வீடுகளில் அப்படித்தான் வந்திருக்கிறேன். வரேன் என்று சொல்லாமல் போனவர்கள் வரவும் இல்லை. "இருக்கட்டும் வடிவு, இன்னொரு தபா சொல்லச் சொல்லு" என்றேன். அவள் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, "நானும் போய்ட்டு வரேங்க்கா" என்றாள். எதிர்வீட்டார்களும் சொன்னார்கள்.

ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். வாசலில் வண்டி நின்று என்ன, அது என்னிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மகளுக்கு வலி எடுத்தால் மாப்பிள்ளை பஸ்ஸுக்கு நிற்க முடியுமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரையே அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டை மட்டும் கேட்காதீர்கள், அது எனக்கு வேண்டும். கேட்டில் மாட்டிக்கொள்கிறேன். மாப்பிள்ளை இந்தத் தடவை வாசலில் நின்று குரல் கொடுக்கட்டும். கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போகட்டும்.