நாக்கு சாரின் நட்சத்திரக் கற்கள்

அரியலூர்ச் சுற்றுவட்டாரத்தில் நாக்கு சாரின் நாக்குப் படாத கல் ஒன்றுகூடக் கிடையாது. கோயில் பிள்ளையார் தப்பித்தது அவருடைய தெய்வபக்தியால்தான்.

அது யுத்த காலம். ஊரே ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த ரயில்வே குமாஸ்தாவான அவர் மட்டும் ஓடை ஓடையாக அலைந்து கல்லையே பொறுக்கினார்.

"ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சுங்க. அதுல ஒடம்பெல்லாம் முள்ளா ஒரு ஜந்து. செத்து, சிக்கிமுக்கிக் கல்லாயிடுச்சு" என்பார். உடனே கல்லை ஒரு நக்கு நக்குவார். ஈரம் பட்டதும் அதன் முதுகில் ஐந்து இதழ் நட்சத்திரம் தெரியும். "பாருங்க, பாருங்க!" எச்சில் காய்வதற்குள் நாம் பார்த்துவிட வேண்டும்.

நானோ, மகள் இருமினால் டாக்டர் வீட்டுக்கும், இருமாவிட்டால் ஜோசியர் வீட்டுக்கும் ஓடுகிற தகப்பன். மூன்று வயது மகள் அவரைப் பார்த்துக் கல் நக்கப் பழகிவிட்டாள். ஒரு சாயங்காலம் அவர் கற்களைச் சேர்த்துவைக்கும் டிரங்குப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தவள், "அப்பா, முழுங்கிட்டேன்" என்று சிரித்தாள்.

அவளைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டேன். நான் பிடித்திருந்தது குழந்தையைத்தானாம். முதுகென்று நினைத்துத் தட்டிக்கொண்டிருந்தது தூணையாம். பிறகு என் மனைவி சொன்னாள்.

நாக்கு சார் ஓடி வந்தார். "எந்தக் கல்லு?"

"யோவ், எம் புள்ள உசிரு போவுது, ஒனக்குக் கல்லா?"

அவர் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சொத்தைச் சரிபார்க்கிறான் பாவி என்று கையை ஓங்கிவிட்டேன்.

"ஒடஞ்ச கல்லெல்லாம் இங்கயே இருக்குங்க" என்றார். "அதுன்னா பிளேடு மாதிரி கொடல அறுத்துடும். போனது பட்டாணி சைஸ் உருண்டை. வாழப்பழம் குடுங்க, வந்துடும்."

சொல்லிவிட்டுத் தரையில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

மறுநாள் காலை கல் வந்துவிட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாப்பா சாப்புட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து, சாவியை என்னிடம் நீட்டினார். "உங்க வூட்டுலயே இருக்கட்டுங்க. பாக்கணும்னா வந்து கேக்குறேன்."

ஆபீஸ் விட்டதும் தினமும் வந்து கேட்பார். அவர் வரச் சற்று நேரமானால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவன் நான்தான்.