வெடிக்காத வெடியை நலம் விசாரிப்பவர்

வெடிக்காத வெடியின் அருகில் போய் நலம் விசாரிக்கும் ஓர் இனம் உண்டு. முரடர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பொறுப்பான குடும்பஸ்தர்கள்.

நமக்குக் கிடைத்திருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். வருடம் முழுவதும் "இடைவெளி விடுங்க, இடைவெளி விடுங்க" என்று தொண்டை வறளக் கத்துகிறவர், விடுமுறைக் கொண்டாட்டத்தன்று மொட்டைமாடியில் குழந்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, வழுவழுவென்று நைலான் துணி போட்டவர்களைக் கீழே அனுப்பி மாற்றிவரச் சொல்லி, தண்ணீர் வாளியை மனைவியிடம் ஒப்படைத்து, நீளக் குச்சியால் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து நிற்கிறார். இதில் என்ன குறை சொல்ல முடியும்? ஒன்றும் இல்லை, வெடி ஒழுங்காக வெடிக்கிறவரை.

வெடிக்காவிட்டால்தான் வம்பு. அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்க, அது பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த அமைதியை அவரால் தாங்க முடியாது. தானே பரீட்சையில் தோற்றதுபோல முகம் சுருங்கிவிடும். "திரி ஈரமா இருக்கும்" என்பார். "சும்மா எட்டிப் பாத்துட்டு வரேன்" என்பார். இந்த முறை சுருக்கமாகவே சொன்னார்.

"செத்துப்போச்சு."

கிளம்பிவிட்டார்.

மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டாள். போன வருடம் இப்படித்தான் குனிந்து திரியை ஊதிப் பார்த்து, ஒரு புருவத்தைப் பறிகொடுத்தார். மறுநாள் வகுப்புக்கு அவள்தான் மையால் வரைந்து அனுப்பினாள். புருவத்தை வரையலாம். கண்ணை வரைய முடியுமா?

"என்னங்க, கிட்டப் போகாதீங்க!"

"செத்ததுகிட்ட என்னடி பயம்?"

"அத்தான், திரும்பி வந்துடுங்க," என்றான் அவள் தம்பி. "அக்காகிட்ட மை தீந்துபோச்சு."

அவர் குனிந்தார். அவள் நின்ற இடத்திலிருந்தே வாளித் தண்ணீரை வீசினாள். பாதி வெடிமேல், பாதி வாத்தியார்மேல்.

"அநியாயம்!" என்று சொட்டச் சொட்டக் கத்தினார். "நல்லா உயிரோட இருந்த வெடிடி அது! இன்னும் ஒரு நிமிஷத்துல வெடிச்சிருக்கும்!"

"அப்ப உங்க மூஞ்சி எங்க இருந்திருக்கும்?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளை இரண்டு கண்ணாலும் முறைத்துக்கொண்டே இருந்தார். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, அந்த வெடி உண்மையில் செத்திருந்ததா, இல்லையா? தெரிந்துகொண்டால் தேவலை என்று இருக்கிறதா? கால் லேசாக முன்னால் நகர்கிறதா?

அங்கேயே நில்லுங்கள், ஐயா.