நாலாவது குறுக்குத்தெருப் பூங்கா

இந்தக் காலத்தில் மேசையைத் தட்டுவதற்கு மனிதர்களுக்குக் காரணமே வேண்டியதில்லை. மைக்கைப் பிடித்தவன் எதைச் சொன்னாலும் தட்டுகிறார்கள். வரி கூடுகிறது என்றாலும் தட்டு, தண்ணீர் வராது என்றாலும் தட்டு. தட்டியவனை நிறுத்தி எதற்காகத் தட்டினாய் என்று கேட்டால், பக்கத்தில் இருந்தவன் தட்டினான், நானும் தட்டினேன் என்பான். அப்புறம் எங்கே உருப்படும்?

முத்திருளன் அப்படித் தட்டுகிற ஆள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வயது எழுபது. நகராட்சி ஆபீசில் யாராவது அவருக்கு வணக்கம் சொன்னால், எதற்காகச் சொன்னான் என்று ரெண்டு நாள் யோசிப்பார்.

அன்றைக்கு அவர் கீழப்பொட்டல் நகராட்சியில், கணக்குப் பிரிவு சரண்யாதேவியின் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். வருகிற வருடத்துப் பட்ஜெட் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாக வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பார்க்க வந்த பொதுமக்கள் இவர் ஒருத்தர்தான். சரண்யாதேவி அங்கும் இங்கும் தேடி, கடைசியில் டீ பிளாஸ்க்குக்கு அடியிலிருந்து அதை உருவினாள்.

"பதினாலாவது வார்டு, நாலாவது குறுக்குத்தெரு. என்னா போட்டிருக்கு? படிம்மா."

"சாக்கடை மூடி பராமரிப்புன்னு போட்டிருக்குய்யா."

"மூடியே இல்லாம எதைம்மா பராமரிப்பீங்க? மூடி இல்லாமத்தான என் பொண்டாட்டி உள்ள விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கா?"

"அப்படியா? மூடி இல்லைன்னு எழுதிக் குடுங்க. அஞ்சு மணி வரைக்கும் வாங்குவோம்."

எழுதிக் கொடுத்தார். நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. மறுநாள் போய்க் கேட்டார்.

"உங்க மனுவை ஏத்துக்கிட்டாங்கய்யா!" என்றாள் சரண்யாதேவி.

"மூடி போடுறாங்களா?"

"இல்லய்யா. மூடி இல்லாததால பராமரிப்பை எடுத்துட்டாங்க. இப்ப உங்க தெருவுக்கு ஒண்ணுமே இல்ல. தப்பைச் சுட்டிக்காட்டுனதுக்கு கமிஷனர் நன்றி சொல்லச் சொன்னார்."

நன்றியை வைத்துச் சாக்கடையை மூட முடியாது. முத்திருளன் கவுன்சிலரைப் பார்க்கப் போனார்.

பதினாலாவது வார்டில் ஓட்டு வாங்கி ஜெயித்தவள் ரம்யாஸ்ரீ. ஆனால் கவுன்சிலர் என்று ஊர் கூப்பிடுவது அவள் புருஷன் வெங்கடேஷ்பாபுவை. அவளைக் கவுன்சிலர் வீட்டம்மா என்பார்கள்.

வெங்கடேஷ்பாபு தன் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார். "சாக்கடைக்கு ஒதுக்குனது தீந்துபோச்சு பெரியவரே. பூங்காவுக்கு ஒதுக்குனதுதான் கேக்க ஆளில்லாம கெடக்கு."

"எனக்கு எதுக்குப் பூங்கா?"

"பேருதான பூங்கா! சாக்கடை மேல வரிசையாக் கல்லு பதிச்சா நடைபாதை. ரெண்டு தொட்டியில செடி வச்சா பூங்கா. நீங்க பாட்டுக்குக் கல்லு மேல நடந்து வீட்டுக்குப் போங்க. செடியைப் பாத்தாப் பாருங்க, பாக்காட்டிப் போங்க."

உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்த ரம்யாஸ்ரீ தலையை நீட்டினாள். "அந்தத் தெருவுல பூங்காவுக்கு ஏதுங்க எடம்?"

"நீ சேலையை மடி. நாங்க நிர்வாகம் பேசிக்கிட்டிருக்கோம்."

முத்திருளனுக்கு அவள் கேட்டதுதான் சரியாகப் பட்டது. இருந்தாலும் பொண்டாட்டி கால் நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டித் தொலைத்தார்.

ரெண்டாம் நாள் காலையில் டேப்பும் பெயிண்டுமாக இஞ்சினியர் பிரிவு ஆள் வந்து, அவர் வீட்டு வாசல்படியிலும், படியை ஒட்டியிருந்த கக்கூஸ் சுவரிலும் சிவப்புக் கோடு போட்டான்.

"யோவ், என்னாய்யா பண்ற?"

"பூங்கான்னா இம்புட்டு அகலம் இருக்கணும்னு விதி இருக்கு. உங்க படியும் கக்கூசும் பூங்காவுக்குள்ள வருது."

"பூங்காதான்யா என் கக்கூசுக்குள்ள வருது!"

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? வெள்ளிக்கிழமை பட்ஜெட் பாஸான ஒடனே இடிக்கிறதுக்கு நோட்டீஸ் வரும்."

கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த முருகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூடி கேட்டுப் போன மனுசன் கக்கூசைக் குடுத்துட்டு வந்திருக்கீக. கால்ல கட்டோட நான் எங்க போவேன்? பூங்காவுக்கா?"

முத்திருளன் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் நகராட்சிக்கு ஓடினார்.

"இனிமே ஆபீஸ்ல மாத்த முடியாதுய்யா," என்றாள் சரண்யாதேவி. "புத்தகம் அச்சுக்குப் போயிருச்சு. ஒங்க பூங்கா அறுபத்தேழாவது எண்ணு. கூட்டத்துல ஒரு கவுன்சிலர் எந்திரிச்சு, அறுபத்தேழு வேணாம்னு சொல்லணும். யாரும் வாயைத் திறக்கலைன்னா பாஸ்."

வெங்கடேஷ்பாபு முடியாது என்றுவிட்டார். "நானே கேட்டு வாங்கிட்டு நானே வேணாம்னா, என் மரியாதை என்னாகுறது?"

மிச்சம் இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவர் ஜனகராஜ். எந்தக் கூட்டத்திலும் அவர் குரல் திருமங்கலம் வரைக்கும் கேட்கும் என்று ஊருக்குள் பேச்சு.

"அறுபத்தேழு மட்டும் என்னண்ணே? ஒண்ணுல இருந்து நூத்திப்பத்து வரைக்கும் மொத்தத்தையும் எதிர்க்கிறோம்!"

"மொத்தம் வேணாம்ப்பா. அறுபத்தேழு போதும். அந்த நம்பரை ஒருக்காச் சொல்லிரு."

"பயப்படாதீங்கண்ணே. நாளைக்கு சபையையே கிழிச்சிருவோம்."

கிழிக்கத்தான் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். ஒவ்வொரு கவுன்சிலர் முன்னாலும் பளபளவென்று அட்டை போட்ட பட்ஜெட் புத்தகம், ஒரு துணிப்பை, ஒரு டிபன் பொட்டலம். எல்லோரும் முதலில் துணிப்பையைப் பிரித்துப் பார்த்தார்கள். அடுத்தாற்போல் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்கள். புத்தகத்தைத் திறந்தவள் ரம்யாஸ்ரீ ஒருத்திதான். நாலைந்து பக்கம் புரட்டியதும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பின்னால் நின்ற புருஷனிடம் திரும்பினாள்.

"ஏங்க, இதுல பூங்காவையே காணமே..."

"சும்மா இரு. எல்லாரும் பாக்குறாய்ங்க. மூடி வை."

மூடி வைத்தாள்.

நகர்மன்றத் தலைவி கனகலட்சுமி வணக்கம் சொல்லி முடிக்கும் முன்னால் ஜனகராஜ் எழுந்துவிட்டார்.

"இது மக்கள் விரோத பட்ஜெட்! இதை வரிக்கு வரி படித்துப் பார்த்தோம்! கண்ணீர் வருகிறது!"

"அறுபத்தேழைச் சொல்லுய்யா!" என்று பார்வையாளர் பெஞ்சிலிருந்து முத்திருளன் கத்தினார்.

ஜனகராஜ் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கி ரெண்டாகக் கிழித்தார். அவர் ஆட்கள் எட்டுப் பேரும் கிழித்தார்கள். "வெளிநடப்பு செய்கிறோம்!" என்று ஒன்பது பேரும் வெளியே போனார்கள். போகும்போது டிபன் பொட்டலத்தை ஒருத்தரும் மறக்கவில்லை.

முத்திருளன் பின்னாலேயே ஓடினார். வராந்தாவில் ஜனகராஜ் கேசரியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா, எதிர்க்கிறேன்னு சொல்லிட்டு வெளிய வந்து தின்னுக்கிட்டிருக்க?"

"வெளிய வந்தாத்தானண்ணே எதிர்ப்பு. உள்ளயே இருந்தா ஆதரிச்ச மாதிரி ஆயிரும்ல. கேசரி சாப்புடுறீங்களா?"

முத்திருளன் திரும்பவும் உள்ளே ஓடினார். அதற்குள் தலைவி கடைசி வரிக்கு வந்திருந்தார்.

"பொருள் எண் ஒன்று முதல் நூற்றிப்பத்து வரை மன்றத்தின் ஒப்புதலுக்கு..."

"ஆல் பாஸ்!" என்று மிச்சமிருந்த அத்தனை பேரும் சொல்லி மேசையைத் தட்டினார்கள்.

"அறுபத்தேழு! அறுபத்தேழு!" என்று கையை ஆட்டினார் முத்திருளன். மூச்சு வாங்கியதில் வேணாம் என்ற சொல் வெளியே வரவில்லை.

"அந்தப் பெரியவர் என்ன சொல்றார்?" என்று தலைவி கேட்டார்.

வெங்கடேஷ்பாபு முந்திக்கொண்டார். "அவர் தெருவுக்குப் பூங்கா வருதுல்லம்மா, அறுபத்தேழாம் நம்பர். சந்தோசத்துல பேச்சு வரலை."

மறுபடியும் மேசையைத் தட்டினார்கள். முதல் தடவையைவிடப் பலமாக.

"பொதுமக்களின் பலத்த ஆதரவோடு நிறைவேறியதுன்னு எழுதிக்கோங்க," என்றார் தலைவி.

ஆரம்பித்து எண்ணிப் பதினோரு நிமிஷம். ஒரு ஊரின் ஒரு வருடம் முடிந்தது. எல்லோரும் டிபன் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

படியிறங்கியவரைச் சரண்யாதேவி வழிமறித்தாள். "மனசைத் தளர விடாதீங்கய்யா. இடிக்கிறதுக்கு முன்னாடி முறைப்படி நோட்டீஸ் வரும். அதுக்கு நீங்க பதில் எழுதலாம்."

"எழுதித்தானம்மா இம்புட்டும் வந்துச்சு."

"இந்தத் தடவை கண்டிப்பா படிப்பாங்கய்யா."

முத்திருளன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் நல்ல பிள்ளை சொன்னாலும் பொய் பொய்தானே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நோட்டீஸையும் நம்பவில்லை, பதிலையும் நம்பவில்லை, உள்ளே தட்டியவர்களையும் வெளியே தின்றவர்களையும் நம்பவில்லை.

கேட்டை அடைத்தாற்போல் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சணல் கயிற்றில் கட்டிய காகிதக் கட்டுகள். அவர் ஒதுங்கி அதைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி அவர் முதுகைப் பார்த்துக் கத்தினான்.

"பெரியவரே, இந்த வருசத்து பட்ஜெட் புத்தகத்தை எங்க இறக்கணும்? போன வருசத்துப் புத்தகத்து மேல ஒட்டிக்கிறோம்னு நேத்து அட்டையை மட்டும்தான் வாங்கிட்டுப் போனாங்க!"