மாப்பிள்ளை அனுப்பிய குளிர்பெட்டி மடுவுக்குப் போய்வந்த விபரம்

அப்புத்தளை,
ஆகஸ்ட் 21.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஜூட் அவர்களுக்கு, மாமா மாணிக்கராஜ் எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் அத்தை நேசராணி நலமா இல்லையா என்பது எனக்கே விளங்காததால் அந்த வரியை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், ஜெசிந்தினி கேட்பாள், மகள் காதில் விழுந்தது அடுத்த நிமிடம் தாய் காதில் விழும். ஆகவே கட்டாருக்குத் திரும்பும் சுபாஜினி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படிக்கவும்.

நீங்கள் அனுப்பிய வாகனக் குளிர்பெட்டி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று நேசராணி பதினொரு வருசமாகக் கேட்டதும், அந்த வெயிலில் உன் இன்சுலின் கெட்டுவிடும் என்று நான் பதினொரு வருசமாகத் தடுத்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே அனுப்பினீர்கள். இங்கே ஊரே குளிர்பெட்டியாக இருக்கும்போது இது எதற்கு என்று தோட்டத்து லயத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் பெட்டியை வாசலில் வைத்துத் துடைத்ததைப் பார்த்த தாய்மார், தடுப்பூசிப் பெட்டி வந்துவிட்டது என்று கிளினிக் அட்டையோடு வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் தேயிலைக்குள் ஓடி ஒளிந்துகொண்டன. அவற்றைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பவே ஒரு மணித்தியாலம் ஆனது. கணக்கப்பிள்ளையாக இருந்து விடியற்காலைப் பெரட்டில் இருநூறு பேரைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவன் நான், அன்று பட்ட பாட்டை அந்த வேலையில்கூடப் பட்டதில்லை.

மருந்தை எந்த அளவில் வைப்பது என்று கிளினிக்கில் நர்ஸ் தனுஜா மிஸ்ஸிடம் கேட்டேன். ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், உறைந்தால் வீசிவிட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டி நான்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. நிம்மதியாக இருந்தேன். நேசராணியும் தன் மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து என் கண் முன்னாலேயே உள்ளே வைத்தாள். மறுநாள் விடியமுன் நண்பர் கணபதி ஓட்டும் வானில் பெட்டியை ஏற்றி, அதன் முகத்தில் படிந்த பனியைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் முப்பத்தொன்பது. மாப்பிள்ளை, முப்பத்தொன்பது என்றால் மனுசனுக்கே காய்ச்சல். பெட்டியின் நெற்றியில் ஈரத்துணி போட்டேன், இறங்கவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் முதலில் சி என்ற எழுத்து இருந்தது, இப்போது எஃப் இருந்தது. சி என்றால் கூலர், எஃப் என்றால் ஃப்ரிட்ஜ், அது நல்லதுதான் என்று கணபதி விளக்கம் சொன்னார். பிறகு நான் கீழ்நோக்கிய பொத்தானை அமுக்கி அமுக்கி, விரல் வலிக்க வலிக்க, ஐந்துக்குக் கொண்டுவந்து விட்டேன். தனுஜா மிஸ் சொன்ன ரெண்டுக்கும் எட்டுக்கும் நட்டநடுவில் ஐந்து.

வானில் பதினொரு பேர். நேசராணி ஒரு மண்சட்டியைத் துணியால் மூடி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டதற்கு ஊறுகாய் என்றாள். பதுளை தாண்டி மகியங்கனையில் நிறுத்தி, ஆற்றில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வான் கிளம்பவில்லை. நாங்கள் குளித்த இரண்டு மணித்தியாலமும் குளிர்பெட்டி வானின் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது. பதினொரு பேரும் இறங்கித் தள்ளினோம். ஈரத்தலையோடு தள்ளிக்கொண்டே உங்கள் அத்தை கேட்டாள்:

"பெட்டி குளிரணும்னு நாம வேர்க்கணுமாங்க?"

நான் தள்ளுவதில் கவனமாக இருந்தேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு மடுவில் இறங்கினோம். எல்லோரும் கூடாரம் கட்டிக்கொண்டிருந்த நேரம் நான் மட்டும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர்ப் போத்தல் கல். தயிர்ச்சட்டி கல். நேசராணியின் மருந்துப் புட்டியும் வெள்ளைக் கல். எண் மட்டும் ஐந்தில் அசையாமல் நின்றது. பதினொரு வருசம் மருந்து கெட்டுவிடும் என்று அவளைத் தடுத்தவன், கடைசியில் என் கையாலேயே கெடுத்துவிட்டேன். இதைச் சொன்னால் ஊருக்குத் திரும்புவோம் என்பாள், இனி எங்கேயும் கிளம்ப மாட்டாள். அதனால் சொல்லவில்லை. தண்ணீர் பிடித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு, அவள் கைப்பையில் இருந்து மருந்தின் பெயர் எழுதிய கிளினிக் கொப்பியைக் களவெடுத்துக்கொண்டு கணபதியோடு மன்னாருக்குப் போனேன். மருந்துக்கடையில் நஸ்மியா என்ற பிள்ளை கொப்பியைப் பார்த்து அதே மருந்தைத் தந்தது. நடந்ததைச் சொன்னதும், அது பாரன்ஹைட்டாக இருக்கும் சேர் என்றது. எங்கள் பெட்டி அந்தக் கம்பெனி இல்லை பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன். உறைந்த புட்டியை வீசினேன், அந்த இடத்தில் புதியதை வைத்தேன், எண்ணையும் நம்பாமல் முப்பத்தொன்பதுக்கே ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு எதுவும் உறையவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பெட்டி எப்படிக் குளிர்கிறது என்று தயவுசெய்து விளக்கவும்.

இனிமேல்தான் விஷயம். மறுநாள் காலை நேசராணி ஊசி போடுவதற்காகப் புட்டியை எடுத்தாள். எடுத்தவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோயிலைப் பார்த்தாள். மறுபடி புட்டியைப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, வழக்கம்போல் சேலை மறைப்புக்குப் பின்னால் போனாள். அன்றிலிருந்து ஆளே வேறு. பெட்டியை யாரையும் தொட விடவில்லை. அதன்மேல் மெழுகுதிரி கொளுத்தி வைத்தாள், நான் மூடி உருகிவிடும் என்று பயந்து அணைத்தேன், அவள் என்னை ஒரு அவிசுவாசியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஐந்து நாளும் யாருக்கும் ஒரு துண்டு ஊறுகாய்கூடக் கொடுக்கவில்லை. தானாகச் சிரிக்கிறாள். சீனி அளவு சரியாகத்தான் இருக்கிறது. மன்னார் மருந்து தலைக்கு ஏறிவிட்டதா, அல்லது என் திருட்டைக் கண்டுபிடித்து என்னை வைத்து விளையாடுகிறாளா, எனக்குப் புரியவில்லை.

தாங்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத்தடியில், கண்ணாடியை நூலால் கட்டியிருந்த ஒரு வயதான ஃபாதர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இது பாவமில்லை, பயம். வீட்டுக்காரியிட்ட போய் உள்ளதைச் சொல்லுங்கோ. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்."

சரி ஃபாதர் என்று எழுந்து திரும்பினால், எனக்கு அடுத்ததாக வரிசையில் நின்றது நேசராணி. வந்த தைரியமும் போய்விட்டது. ஊருக்கு வந்து நான்கு நாளாகிறது. இன்னும் பரிகாரம் செய்யவில்லை. நாற்பது வருசக் குடித்தனத்தில் அவளிடம் நான் மறைத்தது இது ஒன்றுதான், அது இத்தனை பாரமாக இருக்கும் என்று தெரியாது. சொல்லவா, விடவா? உங்கள் வார்த்தைப்படி நடக்கிறேன். பெட்டியைத் திருப்பி அனுப்பவும் வழி சொல்லுங்கள்.

நீங்களும் மகளும் மாதாவின் நிழலில் குறைவில்லாமல் வாழ வேண்டும். ஏசியை அளவோடு போடவும். கீழே இரண்டு வரி எழுத அத்தைக்கு இடம் விட்டிருக்கிறேன், எழுதாவிட்டால் சந்தேகப்படுவாள். மேலே இருப்பது வான் பழுது சம்பந்தமானது என்று சொல்லி மடித்துத்தான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மாமா மாணிக்கராஜ்.

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை நேசராணி எழுதுவது. மாமா எழுதியதை நான் படிக்கவில்லை, வான் விஷயத்தில் எனக்கென்ன. நான் எழுதுவதையும் அவர் படிக்காதபடி ஒட்டித்தான் கொடுப்பேன். ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். உங்கள் பெட்டியை நான் நம்பவில்லை, கோபிக்க வேண்டாம். தனுஜா மிஸ் காட்டித் தந்தபடி சட்டிக்குள் சட்டி வைத்து, நடுவில் ஈரமணல் போட்டு, மருந்தை அதில்தான் கொண்டுபோனேன். மாமாவிடம் ஊறுகாய் என்றேன். பெட்டியில் மருந்து இல்லை என்றால் அவர் மனசு வாடிவிடும், அதனால் ஒரு பழைய புட்டியில் வெறும் தண்ணீரை ஏற்றி உள்ளே வைத்தேன். மடுவுக்கு வந்த மறுநாள் காலையில் எடுத்துப் பார்க்கிறேன், தண்ணீர் மருந்தாகி இருக்கிறது. மூடி உடைக்காத புட்டி, புது லேபல், இன்னும் இரண்டு வருசத்துக்குத் தேதிகூட மாதா போட்டுக் கொடுத்திருக்கிறார். ஃபாதரிடம் மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், தோள் குலுங்கியது, அழுதாரோ என்னவோ. பிறகு, வீட்டுக்காரரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கோ, அதுதான் பரிகாரம் என்றார். எப்படிச் சொல்வது? சட்டியில் இருந்த மருந்து நாளையோடு முடிகிறது. மாதா தந்ததை ஊசியில் ஏற்றலாமா, பீடத்தில் வைக்க வேண்டுமா என்று உடனே எழுதவும். இந்தப் பகுதியை மட்டும் கிழித்துவிடுங்கள். மாமாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார். நாற்பது வருசமாக என்னிடம் எதையும் ஒளிக்கத் தெரியாத மனுசன்.